அண்ணன் .40 பிஸ்டல் வாங்கிவிட்டார்: 9 எம்எம் சாமான்களை வைத்தே தோட்டா நிரப்பலாமா?

செந்தூல் பையன்
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பெரியண்ணன் டெக்சஸில் இருக்கிறார், கிரீன் கார்டு. ஐந்து வருடமாக 9 எம்எம் சுடுகிறார். தோட்டாவையும் வீட்டு கராஜில் அவரே நிரப்பிக்கொள்கிறார், அதாவது சுட்ட காலிக் கூட்டில் புது பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி), மருந்து, குண்டு வைத்துத் திரும்பத் தோட்டா செய்வது. ஒரு தரம் ஒரு வேலை மட்டும் செய்கிற சிங்கிள் ஸ்டேஜ் பிரெஸ்தான். போன மாதம் .40 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் காலிபரில் புது பிஸ்டல் வாங்கிவிட்டார். அங்கே யுஎஸ்பிஎஸ்ஏ என்கிற பிஸ்டல் போட்டியில் லிமிடெட் பிரிவில், பலமான தோட்டாவுக்குக் கூடுதல் புள்ளி தருகிற மேஜர் ஸ்கோர் வேண்டுமாம், அதற்கு 9 எம்எம் செல்லாது. இப்போது ஒரே இழுப்பில் பல வேலை செய்கிற பெரிய புரோகிரசிவ் பிரெஸ் வாங்கலாமா என்று யோசிக்கிறார். நான் டிசம்பரில் இரண்டு மாதம் போகிறேன். "வாடா, சேர்ந்து செய்யலாம்" என்கிறார்.

பழைய சாமான் எதெல்லாம் உதவும்? புரோகிரசிவ் வாங்கலாமா? இங்கே கோலாலம்பூரில் எதுவும் செய்யப்போவதில்லை. 1960ஆம் வருட ஆயுதச் சட்டம் எனக்கும் தெரியும், அந்த அறிவுரையை விட்டுவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை
ஹூஸ்டனில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவன் சொல்கிறேன்: வேண்டாம். பிரெஸ், டை (பிரெஸ்ஸில் மாட்டும் அச்சு), தராசு, கூடு கழுவும் இயந்திரம் என்று வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளை கராஜில் தொலைத்து, கடைசியில் மிச்சம் பிடித்தது என்ன? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கடைத் தோட்டாவை மொத்தமாக வாங்கச் சொல்.

இன்னொன்று. எஃப்பிஐ-யின் தேவையை ஒட்டி 1990-இல் வந்த காலிபர் இது. அந்த எஃப்பிஐயே பத்து வருடத்துக்கு முன்னால் 9 எம்எம்-க்குத் திரும்பிவிட்டது. போகிற ரயிலில் இப்போது ஏறுவானேன்?

மருதாணி
கணக்கு அண்ணே, அவர்கள் திரும்பிப் போனதால்தான் .40 பிஸ்டலும் காலிக் கூடும் அங்கே மலிவாகக் கிடைக்கிறது. போட்டி சுடுகிறவருக்கு அது லாபம். இங்கே நாங்கள் சுடும் ஐபிஎஸ்சி (சர்வதேச பிஸ்டல் போட்டி) ஸ்டாண்டர்ட் பிரிவிலும் மேஜருக்கு .40 தான்.

காசு விஷயத்திலும் உங்கள் கணக்கு 9 எம்எம்-க்குச் சரி, .40-க்குச் சரியில்லை. கடையில் 9 எம்எம் மலிவு, அதனால் வீட்டில் நிரப்பினால் பெரிய மிச்சம் இல்லை. .40 தோட்டாவின் விலை கூடுதல். கூடு இலவசமாகத் திரும்ப வருகிறது. மருந்துச் செலவும் பெரிதில்லை. ஒரு பவுண்டு என்பது 7000 கிரெயின், ஒரு தோட்டாவுக்கு ஐந்தாறு கிரெயின் போனாலும் ஆயிரத்துக்கு மேல் வரும். காசு போவது குண்டுக்குத்தான்.

மிச்சம் என்பதைவிட முக்கியம் பவர் ஃபாக்டர். குண்டின் எடை கிரெயினில், வேகம் வினாடிக்கு இத்தனை அடி, இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பது. யுஎஸ்பிஎஸ்ஏ-இல் மேஜருக்கு 165, நம் ஐபிஎஸ்சி-இல் 170. 180 கிரெயின் குண்டு என்றால் 165-ஐத் தொட 917 அடி வேகம் போதும். கடைத் தோட்டா வேண்டாத வேகத்தில் கையை உதறும். அதை நமக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளத்தான் நிரப்புவதே.

தம்பி, பட்டியல்: பிரைமர் இரண்டுக்கும் ஸ்மால் பிஸ்டல்தான், கையில் இருப்பது உதவும். தராசு, காலிப்பர் (நீளம் அளக்கும் கருவி), கூடு கழுவுவது எல்லாம் அதேதான். .40 டை செட் புதிதாக வேண்டும், கார்பைடாக வாங்கினால் எண்ணெய் தடவும் வேலை இல்லை. ஷெல் ஹோல்டர் (கூட்டின் அடியைப் பிடிக்கும் துண்டு) சில கம்பெனியில் இரண்டுக்கும் ஒன்றே, சிலதில் வேறு. வருடம் பூரா போட்டி என்றால் புரோகிரசிவ் வாங்கச் சொல்.

பட்டர்வொர்த் அங்கிள்
பட்டாளத்தில் ஆயுதக் கிடங்கில் இருந்து ஓய்வு பெற்றவன். தங்கச்சி பட்டியல் சரி. "புரோகிரசிவ் வாங்கு" என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

அண்ணனுக்கு 9 எம்எம் கை பழகிவிட்டது. அந்தப் பழக்கம்தான் ஆபத்து. 9-க்கும் .40-க்கும் அழுத்தத்தின் உச்ச வரம்பு ஒன்றே, 35,000 பிஎஸ்ஐ. ஆனால் .40-இல் கனமான குண்டு உள்ளே இறங்கி உட்காரும், மருந்துக்கு இருக்கிற இடம் கொஞ்சம். தோட்டா பிஸ்டலின் அறைக்குள் ஏறும்போது குண்டு இடிபட்டு இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் அழுத்தம் சட்டென்று ஏறிவிடும். நிரப்பியதும் குண்டின் மூக்கை மேசை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் நன்றாக அழுத்திப் பார்க்கவேண்டும். காலிப்பரில் அளவு குறைந்தால் அந்தத் தோட்டா ஆகாது.

அப்புறம் கூடு. ரேஞ்சில் பொறுக்கிய .40 கூட்டுக்குள் 9 எம்எம் கூடு ஒன்று சொருகிக்கொண்டு வரும், வெளியே தெரியாது, டை-யில் மாட்டிக்கொண்டால் அன்றைய வேலை போச்சு. சில பழைய பிஸ்டல்களின் அறை கூட்டின் அடிப்பக்கத்தை முழுதாகத் தாங்காது, அங்கே உப்பிப்போன கூடுகளும் கலந்து கிடக்கும். தூக்கிப் போடு. .40 என்பது 10 எம்எம்-ஐக் குட்டையாக்கிச் செய்தது. குறுக்களவு ஒன்றுதானே என்று 10 எம்எம்-க்கு உள்ள மருந்து அளவை எடுத்து இதில் போட்டால் கை போகும்.

இத்தனையும் புதிது. முதல் ஐந்நூறை மெதுவாகச் செய்யட்டும். பழைய பிரெஸ், ஐம்பது குழித் தட்டு. மருந்து போட்டதும் டார்ச் அடித்து ஐம்பது வாயையும் பார்த்துவிட்டுத்தான் குண்டை வைக்கவேண்டும். சாம்பாரில் இரண்டு தரம் உப்பு விழுந்தால் கொட்டிவிடலாம். இதில் அப்படியில்லை.

மருதாணி
அங்கிள், மரியாதையோடு மறுக்கிறேன். மருந்து இரண்டு தரம் விழுவதற்கு வாய்ப்பு அதிகம் உங்கள் தட்டில்தான். நடுவில் போன் அடித்தால் எந்தக் குழியில் விட்டோம் என்று மறந்துபோகும். புரோகிரசிவில் கைப்பிடியை இழுத்ததும் கூடு நிற்கிற வட்டத் தட்டு தானாக நகர்ந்துவிடும், மருந்து அளவு தவறினால் பீப் போடும் டை கூட மாட்டலாம்.

பட்டர்வொர்த் அங்கிள்
ஓடிக்கொண்டே இருக்கிறவரை நீ சொல்வது சரிம்மா. பிரைமர் கோணலாக மாட்டி நின்றுவிட்டால்? பாதிக் கைப்பிடி ஏற்றி, இறக்கி, ஒரு கூட்டைக் கழற்றி, மறுபடி மாட்டி... தவறு அங்கேதான் நடக்கிறது. எல்லா பிரெஸ்ஸும் தானாகச் சுற்றாது. டில்லன் கம்பெனியின் 550 பிரெஸ்ஸைக் கையால்தான் சுற்றவேண்டும், 750 தானாகச் சுற்றும். ஒரு தரம் சுற்ற மறந்தால் அதே கூட்டில் இன்னொரு அளவு மருந்து.

மருந்தே விழாமல் போவதும் அதே அளவு மோசம். ஒரு கிளப்பில் என் கண் முன்னால் நடந்தது. "டப்" என்று சத்தம் குறைவாக வந்தது, குண்டு குழாயிலேயே நின்றுவிட்டது. சுட்டவர் ஸ்லைடை இழுத்து அடுத்ததைச் சுடப் போனார். பக்கத்தில் இருந்தவர் கத்தியதால் நிறுத்தினார். அடுத்த தோட்டா வெடித்திருந்தால் குழாய் கிழிந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை
இதைத்தானே நானும் சொல்கிறேன்! இவ்வளவு தொல்லைக்குக் கடையில் வாங்கு.

மருதாணி
2020, 21-இல் அமெரிக்கக் கடை அலமாரி காலியாக இருந்தபோது எங்கே வாங்கியிருப்பீர்கள்?

கணக்குப்பிள்ளை
அப்போது பிரைமரும்தான் கிடைக்கவில்லை. பிரெஸ்ஸை வைத்துக்கொண்டு தேங்காய் துருவுவதா?

மருதாணி
முன்னாலேயே சேர்த்து வைத்தவர்கள் சுட்டார்கள் அண்ணே. ஆனால் சரி, அந்த ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன்.

ஜெலுத்தோங் வக்கீல்
எல்லோரும் அண்ணனையே பார்க்கிறீர்கள், தம்பியை யாரும் கேட்கவில்லை. தம்பி, நீ போவது சுற்றுலா விசாவில்தானே? அமெரிக்க மத்திய சட்டப்படி அப்படி வருகிறவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருக்கக் கூடாது. சில விலக்குகள் உண்டு, ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் அதில் ஒன்று. கிரீன் கார்டு உள்ள அண்ணனுக்கு இந்தத் தடை இல்லை. சொந்த உபயோகத்துக்கு நிரப்ப அவருக்கு லைசென்ஸும் தேவையில்லை, விற்றால்தான் தேவை. நீ அங்கே உள்ள வக்கீலிடம் கேட்காமல் கராஜில் கை வைக்காதே.

திரும்பி வரும்போது அவருடைய ரேஞ்ச் பையைக் கடன் வாங்கி வராதே. மூலையில் ஒரு தோட்டா ஒட்டிக்கொண்டு வந்தாலும் கேஎல்ஐஏ விமான நிலையத்தில் அது ஆயுதச் சட்டம் 8ஆம் பிரிவு. காலிக் கூட்டில் சாவிக்கொத்து செய்கிற ஆசையும் வேண்டாம்.

செந்தூல் பையன்
வக்கீல் சார், நல்ல வேளை சொன்னீர்கள். எனக்குத் தெரியவே தெரியாது. நேற்றிரவு அண்ணனிடம் இதை எல்லாம் வாசித்துக் காட்டினேன். விசா விஷயம் அவருக்கும் தெரியவில்லை, "சரி, நீ நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டு இரு" என்கிறார். டை செட் வாங்கிவிட்டார். .40-க்கு உள்ள பக்கத்தை மருந்து அளவுப் புத்தகத்தில் படித்துவிட்டாராம், அதில் உள்ள ஆரம்ப அளவில்தான் தொடங்குவாராம். முதலில் பத்தே பத்து செய்து, பிஸ்டலின் குழாயைக் கழற்றி அதற்குள் போட்டுப் பார்ப்பாராம்.

பட்டர்வொர்த் அங்கிள்
நல்லது. "டொக்" என்று உள்ளே விழுந்து, கவிழ்த்தால் தானாக வெளியே வரவேண்டும். அறைக்குள் இந்தத் தோட்டா தன் கூட்டின் வாய் விளிம்பில்தான் நிற்கிறது, அதனால் கிரிம்ப் (குண்டைப் பிடிக்கக் கூட்டின் வாயை இறுக்குவது) லேசாக இருக்கட்டும், ரிவால்வருக்கு மடிப்பதுபோல் மடித்துவிடாதே என்று சொல். பிரெஸ் பழையதுதானே?

செந்தூல் பையன்
அங்கிள்... அதை நான் கேட்பதற்கு முன்னாலேயே ஆர்டர் செய்துவிட்டாராம். நீலக் கலர் டில்லன். கையால் சுற்றுவது.

கணக்குப்பிள்ளை
அப்புறம் எதற்குத் தம்பி இத்தனை பேரைக் கேட்டீர்கள்?

பட்டர்வொர்த் அங்கிள்
விடுங்க சார், வாங்கியாச்சு. தம்பி, மேசைக்கு மேலே நல்ல விளக்கு ஒன்று மாட்டச் சொல், கூட்டின் வாய்க்குள் வெளிச்சம் நேராக விழுகிற மாதிரி. போனை உள் அறையில் வைத்துவிட்டு வரட்டும்.