சேர்த்த பணம் கையில் நிற்கவில்லை, ஒரு யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. செலவு போக மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்று இருந்தவரை ஒன்றுமே மிஞ்சவில்லை, அதனால் சம்பளம் வரும் நாளிலேயே 10 சதவீதம் தானாக வேறு கணக்குக்குப் போகும்படி வைத்தேன். நான்கு மாதம் நன்றாகப் போனது. அப்புறம் வண்டி பழுதும் வருடாந்திரக் காப்பீட்டுத் தவணையும் ஒன்றாக வர, எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். காப்பீடு எதிர்பாராத செலவே இல்லை, 12ஆல் வகுத்து மாதாமாதம் ஒதுக்கியிருக்க வேண்டும். சரி, இனி அப்படித்தான். இப்போது கிரெடிட் கார்டு பாக்கிதான் கவலை, குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுவதால் மீதிக்கு வட்டி ஏறிக்கொண்டே போகிறது. முதலில் அதை முழுதாக அடைப்பதா, இல்லை ஒரு மாதச் செலவுக்காவது கையில் வைத்துக்கொண்டு அடைப்பதா? இதிலிருந்து மீண்டவர்கள் எப்படிச் செய்தீர்கள்?