தமிழில் இரண்டாம் மேல்முறையீடு: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கேரளத்தின் சித்தூர், தேவிகுளம் தாலுகா நண்பர்களுக்கு வணக்கம். நில ஆவணம் கேட்டு தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி (ஆர்டிஐ) போட்ட மனுவுக்கு 30 நாளில் பதில் இல்லை. முதல் மேல்முறையீட்டுக்கு 45 நாள் தாண்டியும் உத்தரவு இல்லை. இனி 90 நாளுக்குள் இரண்டாம் மேல்முறையீடு செய்யத் திருவனந்தபுரத்தில் உள்ள மாநிலத் தகவல் ஆணையம்தான்.

தகவல் தர மறுத்தது சரியே என்று நிரூபிக்கும் பொறுப்பு ஆர்டிஐ சட்டப் பிரிவு 19(5)படி பொதுத் தகவல் அலுவலருடையது. தாமதத்துக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம் விதிக்கலாம். அதனால் தேதிக்கான ஆதாரம் ரொம்ப முக்கியம்; தபால் ஒப்புகை அட்டையில் முத்திரை மங்கியிருந்தால் நாள் கணக்கே தகராறாகிவிடும். ஸ்பீட் போஸ்ட் டெலிவரி விவரத்தையும் உடனே பிரிண்ட் எடுத்துவிடுவது நல்லது.

கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, மொழிச் சிறுபான்மைப் பகுதி அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் உரிமை தருகிறது. ஆணையத்துக்கும் தமிழிலேயே மனு கொடுத்தவர்கள் யாராவது உண்டா? மலையாள மொழிபெயர்ப்பு கேட்டார்களா? விசாரணையில் தமிழில் பேச விட்டார்களா? மனு நகல் இருந்தால், பெயர், முகவரியை மறைத்துப் பகிருங்கள்.