பரணில் ஏழு சுவர்க் கடிகாரங்கள்: அடுத்த திருமணத்திற்கு என்ன வாங்குவது?

இரண்டாம்தளம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்குத் திருமணமாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. இருவரும் வேலைக்குச் செல்பவர்கள். குரோம்பேட்டையில் ஒரே படுக்கையறை கொண்ட 550 சதுர அடி வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். வரவேற்பில் வந்த பரிசுப் பொருள்களைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பரணில் ஏற்றி வைத்திருந்தோம். சென்ற ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கீழே இறக்கி எண்ணியபோது சுவர்க் கடிகாரம் ஏழு, ஹாட்பாக்ஸ் செட் ஐந்து, கண்ணாடி ஜூஸ் செட் நான்கு, டின்னர் செட் மூன்று, எங்கள் பெயர் பொறித்து விளக்கு எரியும் புகைப்படச் சட்டம் இரண்டு என்று கணக்கு வந்தது. இவை தவிர என் அம்மா சீராகக் கொடுத்த பித்தளை அண்டா ஒன்று படுக்கையறை மூலையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இஸ்திரிக்குப் போக வேண்டிய துணிகளை இப்போது அதற்குள்தான் போட்டு வைக்கிறேன்.

என் சிக்கல் இரண்டு. வேண்டாதவற்றை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றால், பரிசளித்தவர் வீட்டுக்கு வரும்போது கேட்பார் என்று மாமியார் தயங்குகிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. போன மாதம் வந்த ஒரு மாமா, காபி குடித்து முடிக்கும்வரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது, கணவரின் சித்தி மகனுக்குத் தை மாதம் திருமணம். எங்களுடையதைவிடச் சிறிய வீட்டில்தான் அவர்கள் குடியேறப்போகிறார்கள். 5,000 ரூபாய்க்குள் நாங்கள் என்ன கொடுத்தால் அது அவர்களுடைய பரணுக்குப் போகாமல் இருக்கும்? வெறுமனே பணத்தைக் கவரில் வைத்துக் கொடுப்பது நெருங்கிய உறவுக்குப் பொருத்தமாக இருக்குமா என்றும் தெரியவில்லை.

மதுரைப் பெரியம்மா எழுதியது:

மகளே, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். பணம் கொடுப்பது உறவுக்குக் குறைவு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. நம் பக்கத்துக் கல்யாணங்களில் மொய்தான் முதலில் இருந்தது, வண்ணத்தாள் சுற்றிய பெட்டி பிறகு வந்தது. கல்யாணச் செலவில் தத்தளிக்கும் குடும்பத்துக்கு அன்றைக்கே கையில் பணம் சேரவும், பின்னால் கொடுத்தவர் வீட்டு விசேஷத்தில் அதைச் சற்றுக் கூட்டித் திருப்பிச் செய்யவும்தான் மொய் நோட்டில் பெயரும் ஊரும் தொகையும் எழுதி வைத்தார்கள். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் ஆடி மாதத்தில் இதற்காகவே மொய் விருந்து நடத்துகிறார்கள். 101, 501 என்று ஒரு ரூபாயைச் சேர்த்து வைக்கும் அந்த மரியாதை, கடைசி நேரத்தில் மண்டபத்துக்கு எதிர்க்கடையில் வாங்கிய ஜூஸ் செட்டுக்குக் கிடையாது.

அண்டாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1989-ல் எனக்குக் கொடுத்த அண்டாவில் நெல் அவித்தோம், தண்ணீர் வராத நாள்களுக்குப் பிடித்து வைத்தோம், விசேஷம் வந்தால் தெருவில் நான்கு வீட்டுக்கு அது போய்வந்தது. சீர்ப்பாத்திரங்கள் எல்லாம் அப்படி வேலை இருந்ததால் சீரானவை. உன் வீட்டில் வேலை இல்லை என்றால் அது உன் குற்றமும் அல்ல, உன் அம்மாவின் குற்றமும் அல்ல. ஊரில் இடமிருந்தால் அம்மா வீட்டிலேயே அது இருக்கட்டும், உன் பெயர் அதில் இருந்தால் போதும்.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். ஏழு கடிகாரங்களையும் அவர் முன்னால் வைத்து, எந்த உறவுக்காரர் அடிக்கடி வருவார், யார் மனம் வருந்தும் என்று அவரையே பிரிக்கச் சொல். இதில் அவருக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாது. போகிக்கு முன்பு இதைச் செய்தால் "பழையன கழித்தல்" என்று அவருக்கும் மனம் ஒப்பும். பிளாஸ்டிக்கைத் தெருவில் போட்டுக் கொளுத்தி மட்டும் விடாதீர்கள்.

கும்பகோணம் பாத்திரக்கடை எழுதியது:

அப்பா காலத்திலிருந்து பாத்திரக் கடை நடத்துபவன் என்ற முறையில் சில உண்மைகளை ஒப்புக்கொள்கிறேன். முகூர்த்த நாளில் மாலை ஐந்து மணிக்கு மேல் பரிசு வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் "ஐந்நூறு ரூபாய்க்குள் பெட்டி பெரிதாக இருப்பதுபோல் ஏதாவது காட்டுங்கள்" என்றுதான் கேட்பார்கள். மேடையில் கொடுக்கும்போது புகைப்படத்தில் தெரிய வேண்டும் என்பதே அளவுகோல். ஹாட்பாக்ஸும் கடிகாரமும் அதற்கென்றே பிறந்தவை. அதே பணத்துக்கு நல்ல கனமான எவர்சில்வர் டிபன் டப்பா ஒன்றை எடுத்துக் காட்டினால், "இவ்வளவு சின்னதாக இருக்கிறதே" என்று திருப்பி வைத்துவிடுகிறார்கள்.

தங்கை கவனிக்க வேண்டிய இன்னொன்று, பெயர் வெட்டுவது. மின்சாரப் பேனாவால் புள்ளி புள்ளியாகக் கொத்தி, "அன்பளிப்பு" என்று போட்டு, கொடுப்பவரின் பெயரையும் தேதியையும் எழுதித் தரச் சொல்கிறார்கள். பாத்திரங்கள் வீட்டுக்கு வீடு இரவல் போன காலத்தில் அடையாளத்துக்கு அது அவசியமாக இருந்தது. இன்றோ, பெயர் வெட்டிய பொருளை வாங்கியவர் மாற்றவும் முடியாது, பிறருக்குக் கொடுக்கவும் கூசுவார். எவர்சில்வரில் அதைத் தேய்த்து அழித்தாலும் அந்த இடம் மங்கலாகத் தெரியும். ஆகவே பெயர் வெட்டாமல், கடை ரசீதோடு, இத்தனை நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று கடைக்காரரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள்.

பொருளாகத்தான் கொடுக்க வேண்டும் என்றால், இருவர் மட்டும் சமைக்கும் வீட்டுக்கு மூன்று லிட்டர் குக்கர் போதும். அடுப்பு மாறினாலும் உதவும்படி இண்டக்ஷனுக்கும் ஏற்ற அடிப்பாகம் உள்ளதாகப் பாருங்கள். குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அதில் ஐ.எஸ். 2347 என்ற எண் இருக்கும்; அது இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். இரும்பு தோசைக்கல்லை நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பதில்லை. கழுவிய கையோடு துடைத்து எண்ணெய் தடவி வைக்க நேரமில்லாத வீட்டில் ஒரு வாரத்தில் துரு ஏறிவிடும்.

அண்டாவை எடைக்குப் போடும் எண்ணம் இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: உலோகத்தின் விலைதான் கைக்கு வரும், செய்கூலி போனது போனதுதான்.

வரவுசெலவு எழுதியது:

ஒரு செய்தியை மட்டும் சேர்க்கிறேன். 1961-ஆம் ஆண்டின் வரதட்சிணைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1985-ல் வந்த விதிகளின்படி, மணமகளுக்கு வந்த பரிசுகளின் பட்டியலை மணமகளும், மணமகனுக்கு வந்தவற்றின் பட்டியலை மணமகனும் எழுத்தில் வைத்திருக்க வேண்டும். பொருளின் சுருக்கமான விவரம், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவினராக இருந்தால் உறவுமுறை ஆகியவை அதில் இருக்க வேண்டும்; இருவரும் கையெழுத்திட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் மொய் நோட்டு இருக்கும், இந்தப் பட்டியல் இருக்காது. எழுதி வைத்திருந்தால் சட்டத்துக்கு மட்டுமன்றி உங்கள் மாமியாரின் கவலைக்கும் அதுவே மருந்து. எந்தக் கடிகாரம் யாருடையது என்று மூன்று ஆண்டுகள் கழித்தும் சொல்லலாம்.

மணமக்களுக்குத் திருமணத்தையொட்டி வரும் அன்பளிப்புப் பணத்துக்கு வருமான வரி கிடையாது என்பதால் அந்தத் தயக்கமும் வேண்டாம். தங்கம் கொடுக்க நினைத்து நாலைந்து பேர் சேர்ந்து மோதிரம் வாங்கினால், ஹால்மார்க்குடன் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடத் தனிக் குறியீடும் நகையில் இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஏப்ரல் முதல் அது கட்டாயம். ஆனால் 2 கிராமுக்குக் குறைவான நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை, ஆகவே மிகச் சிறியதாக வாங்கும்போது கூடுதல் கவனம் தேவை.

தனிக்குடித்தனம் எழுதியது:

மேலே எழுதியவர்களோடு ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். நானும் மனைவியும் திருமணமான புதிதில் உற்சாகமாக எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்த்தோம். வீடு பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த ஆண்டு வளைகாப்புக்கு இரு வீட்டாரும் வந்திறங்கியபோது பதினான்கு பேருக்குத் தட்டுகள் ஆறுதான் இருந்தன. பக்கத்து வீட்டில் இரவல் கேட்டதை என் மாமனார் இன்றும் நினைவூட்டுவார். மூன்று டின்னர் செட்டில் ஒன்றையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம்தளம் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பெரியம்மா சொன்னபடி மாமியாரையே பிரிக்கச் சொன்னோம். நான் நினைத்ததைவிட அவர் கறாராக இருந்தார்: நான்கு கடிகாரங்களும் இரண்டு ஹாட்பாக்ஸ் செட்டும் அன்றைக்கே ஒதுக்கப்பட்டன. அவருடைய ஊர்த் தொடக்கப் பள்ளிக்குக் கடிகாரங்கள் தேவைப்படுமா என்று அவரே தொலைபேசியில் கேட்டார். வகுப்புக்கு ஒன்றாக நான்கையும் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு டின்னர் செட் வளைகாப்புக்காக இருக்கிறது. அதைக் கேட்டு மாமியார் அடைந்த மகிழ்ச்சியைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. அண்டா பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது எங்களோடு வருகிறது. பட்டியலும் எழுதத் தொடங்கியிருக்கிறோம், பாதிப் பெயர்களுக்கு மொய் நோட்டைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

பரிசைப் பொறுத்தவரை, யூகிப்பதை விட்டுவிட்டு மணப்பெண்ணையே நேரில் கேட்டேன். முதலில் "எதுவும் வேண்டாம் அக்கா" என்றவர், கொஞ்சம் வற்புறுத்தியதும், மிக்ஸி மட்டும் வேண்டாம், இரண்டு பேர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள் என்றார். பிறகு, புது வீட்டின் பால்கனி மிகவும் குறுகல், துணி காயப்போட்டால் நிற்க இடமில்லை என்று பேச்சோடு பேச்சாக வந்தது. கயிற்றை இழுத்தால் மேலே ஏறும் கம்பிக் கொடி ஒன்றை, மாட்டித் தரும் கூலியோடு சேர்த்து 2,800 ரூபாய்க்குப் பேசி முடித்திருக்கிறோம். வீட்டுக்காரரிடம் கூரையில் துளையிட அனுமதி வாங்கும் பொறுப்பை மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டார். மேடையில் கொடுக்க 2,001 ரூபாய் மொய்க் கவர்.

எங்கள் கூடத்தில் இப்போது ஒரே கடிகாரம், அந்த மாமா கொடுத்தது. அவர் அடுத்த வாரம் வருகிறாராம். அதற்குள் பேட்டரி வாங்கிப் போட வேண்டும்.