மொட்டைமாடி ஏசி யூனிட்டில் கார்பன் டை ஆக்சைடு சென்சாரை எங்கே பொருத்துவது?

கேள்வி: எங்கள் கூட்ட அரங்கின் மொட்டைமாடியில் உள்ள 10 டன் யூனிட்டில், ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வெளிக்காற்று டேம்பர் (காற்று வரும் வழியைத் திறந்து மூடும் தகடு) திறக்கும்படி கார்பன் டை ஆக்சைடு சென்சார் பொருத்த விரும்புகிறேன். அறையிலிருந்து திரும்பும் காற்றுக் குழாயில் வைக்கலாமா?

பதில் 1: வைக்கலாம், ஆனால் வெளிக்காற்று வந்து கலக்கும் இடத்துக்கு முன்பே இருக்க வேண்டும், இல்லையெனில் குறைத்தே காட்டும். ஒரே யூனிட் பல அறைகளுக்குக் காற்று தருமானால், குழாயில் கிடைப்பது சராசரி மட்டுமே என்பதால், நெரிசலான அறையின் சுவரில், அமர்ந்திருப்பவரின் மூச்சு உயரத்தில், எவர் மூச்சும் நேரே படாதபடி வைப்பதையே நான் விரும்புவேன்.

பதில் 2: ஆளில்லாத வேளையிலும் டேம்பரை முழுவதும் மூடிவிடாதீர்கள், பெயின்ட் வாடை போன்றவை தேங்கினாலும் இந்தச் சென்சாருக்குத் தெரியாது.

கேட்டவர்: நன்றி. சென்சார் தன் அளவைத் தானே சரிசெய்துகொள்ளும் தானியங்கி அளவுத்திருத்தம் அவசியமா?

பதில் 1: அது, அறை அவ்வப்போது காலியாகி வெளிக்காற்றின் அளவான சுமார் 400 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 400 பங்கு) இறங்கும் என்று கருதிக்கொள்கிறது. இரவும் பகலும் ஆள் இருக்கும் இடமானால் அந்த அளவுத்திருத்தத்தை அணைத்துவிடுங்கள்.