மால்டன் 991: பாதையை அடைத்துக்கொண்டால் ஆட்டமே நகரவில்லை, என்ன செய்வது?

கேடயச்சுவர்:
சாகா (Saga) என்ற மேசைப் போர் விளையாட்டின் விதிகள், ஆளுக்கு 6 புள்ளிக்குப் படை, 28 மி.மீ. பொம்மைகள். நண்பன் வைக்கிங், நான் சாக்சன். இங்கிலாந்தில் 991-இல் இவர்கள் இருவரும் மோதிய மால்டன் சண்டையை மேசையில் போட்டோம். நார்த்தி தீவிலிருந்து கரைக்கு வரும் பாதை நாலு அங்குல அகலம். அதன் வாயில் வாரியர் (சாதாரண வீரர்) எட்டுப் பேரை நிறுத்தினேன். அவ்வளவுதான். வைக்கிங்கிடம் எத்தனை பகடை இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒரு பிரிவுதான் மோத முடிகிறது. நண்பன் கடுப்பாகி, "உன் சாக்சன் தலைவர் பிர்ட்நோத் நிஜத்தில் இப்படி நின்றிருந்தால் செத்தே இருக்க மாட்டார்" என்கிறான். நியாயம்தான். ஆனால் நான் ஏன் வழிவிட வேண்டும்? பாதையை அகலப்படுத்தலாமா?

பகடைப்பித்தன்:
எட்டு அங்குலம் ஆக்குங்கள், இல்லையென்றால் வைக்கிங்குக்கு ஒரு படைப் புள்ளி கூடுதலாகக் கொடுங்கள். நாலு பெர்சர்க்கர் (வெறிகொண்டு மோதும் வைக்கிங் வீரர்கள்) வந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

சேற்றுக்கரை:
அகலத்தைத் தொடாதீர்கள், குறுகலாக இருப்பதுதான் அந்த இடத்தின் அழகே. கடல் வற்றினால் பாதை தெரியும், ஏறினால் மூழ்கும், இன்றைக்கும் அப்படித்தான். அந்தச் சண்டையைப் பாடிய பழைய ஆங்கிலக் கவிதையில் மூன்று பேர்தான் அதைக் காக்கிறார்கள். உங்கள் எட்டுப் பேர் கொஞ்சம் ஆடம்பரம். பெர்சர்க்கர் நாலு பேரைக் கொண்டுவந்தாலும் அதே வாயில் வரிசையில்தான் நிற்பார்கள்.

கோளாறு வெற்றிக் கணக்கில் இருக்கிறது. பிர்ட்நோத் எசெக்ஸின் ஏல்டர்மன், அதாவது அரசனுக்காக அந்தப் பகுதியை ஆள்பவர். எதிரே நிற்பவர்கள் இப்ஸ்விச்சைச் சூறையாடிவிட்டு வந்தவர்கள். இங்கே தடுத்தால் பாய் விரித்து அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். நடந்து போகும் படை கப்பலை எப்படித் துரத்தும்? கைக்கு எட்டும்போதே முடித்தாக வேண்டும். அவர் வழிவிட்டதைச் செருக்கு என்கிறது கவிதை. எனக்கு அது கணக்காகத்தான் படுகிறது.

நாங்கள் ஆடுவது இப்படி: மூன்றாவது சுற்று முடிந்ததிலிருந்து, பாதையின் வாயிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் சாக்சன் ஒருவன் நின்றாலும் சுற்றுக்கு மூன்று வெற்றிப் புள்ளி வைக்கிங்குக்கு. எங்கோ ஓர் ஊர் எரிகிறது என்று அர்த்தம். நீங்களாக விலகினால், எதிரி முழுவதும் கரையேறும்வரை ஓர் ஈட்டிகூட எறியக் கூடாது. பதிலுக்கு உங்கள் மொத்தப் படையையும் விரும்பிய இடத்தில் புதிதாக அணிவகுக்கலாம். எந்தச் சுற்றில் விலகுவது என்பதிலேயே சாக்சன் ஆடுபவரின் மூளை கரைந்துவிடும்.

இதைவிட ருசியானது பிர்ட்நோத் விழும் இடம். அவருடைய குதிரையிலேயே ஏறி காட்ரிக் என்பவன் ஓடுகிறான். தலைவரே தப்பிக்கிறார் என்று நினைத்துப் பலர் கலைகிறார்கள். ஆகவே அவர் செத்ததும் ஒவ்வொரு லெவி (ஊரிலிருந்து திரட்டிய படை) பிரிவுக்கும் ஒரு பகடை போடுங்கள். 1, 2 விழுந்தால் பன்னிரண்டு பேரையும் அப்படியே அள்ளி டப்பாவில் போட வேண்டியதுதான். தலைவரின் சொந்தக் காவல் வீரர்களான ஹார்த்கார்டுக்கு நேர்மாறு: அதற்குமேல் பின்வாங்கவே கூடாது, கைகலப்பில் ஆளுக்கு ஒரு பகடை கூடுதல். தலைவரின் உடலைச் சுற்றி நின்று சாகிறவர்கள் அவர்கள்தானே.

கேடயச்சுவர்:
இது நன்றாக இருக்கிறது. சுற்றுக்கு மூன்று அதிகமில்லையா? அப்புறம், ஹார்த்கார்டுக்கு என்னிடம் இருப்பது ஹஸ்கார்ல் (பிற்கால அரசக் காவல் வீரர்) பொம்மைப் பெட்டி. நீளக் கேடயம், பெரிய கோடாரி. ஓடுமா?

சேற்றுக்கரை:
மூன்று வலிக்கும், வலிக்கட்டும். இரண்டாகக் குறைத்தால் ஆள் அசையாமல் நின்றுவிடுகிறார். தொடர் ஆட்டமாக ஆடினால் இன்னொன்றும் சேருங்கள்: சாக்சன் தோற்றால் அடுத்த ஆட்டத்தில் அவருக்கு ஒரு படைப் புள்ளி குறைவு. அந்த வருடம் 10,000 பவுண்டு கப்பம் கட்டித்தானே வைக்கிங்குகளை அனுப்பினார்கள்.

ஹஸ்கார்ல்கள் டென்மார்க்கின் க்னூட் இங்கிலாந்துக்கு அரசனான பிறகு, அதாவது 1016-க்கு அப்புறம் வந்தவர்கள். நீளக் கேடயமும் 1066-க்குத்தான் பொருந்தும். உடம்பு அப்படியே இருக்கட்டும், வட்டக் கேடயம் ஒட்டி, கையில் ஈட்டி கொடுங்கள். மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் யாருக்கும் தெரியாது. வைக்கிங் பெட்டியில் மிஞ்சிய கேடயமே போதும், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே உடுப்புதான். கொம்பு வைத்த தலைக்கவசம் மட்டும் வேண்டாம்.

பகடைப்பித்தன்:
சரி, பெர்சர்க்கரை வாபஸ் வாங்குகிறேன். சேறு எப்படிச் செய்கிறீர்கள்?

சேற்றுக்கரை:
ஃபோம் அட்டையில் பசை, மேலே சலித்த மணல், காய்ந்ததும் கரும்பழுப்பு பெயிண்ட். கடைசியில் பளபளப்பு வார்னிஷ் இரண்டு கை. மேட் வார்னிஷ் அடித்தால் உழுத வயல் மாதிரி ஆகிவிடும்.