எஸ்பெராண்டோ கையேடு: ‘சுப்ரென்’ வகைக்குச் ‘செல்திசை வினையடை’

அன்புடையீர், வணக்கம்.

எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழிக்குச் சேலத்தில் நாம் உருவாக்கிவரும் தமிழ்க் கையேட்டின் வினையடை இயலுக்கு வந்த கலைச்சொல் பரிந்துரைகள் அனைத்தையும் படித்தேன். அந்த இயலில் புதுச்சொல் தேவைப்படும் இடம் ஒன்றே ஒன்றுதான். மற்ற இடங்களில் நம் இலக்கணம் வைத்திருக்கும் பெயரை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டினால், படிப்பவருக்குச் சுமைதான் கூடும்.

அம்மொழியை உருவாக்கிய சாமன்ஹோஃப் 1887இல் வெளியிட்ட 16 விதிகளில் ஏழாவது, வினையடை ‘எ’ என்று முடியும் என்கிறது. ‘பொனா’ நல்ல, ‘பொனெ’ நன்றாக. இதற்கு வினையடை என்ற பெயரே போதும். ‘ஏற்காட்டில் குளிராக இருக்கிறது’ என்கிறோம். அதில் எழுவாய் இல்லை. எஸ்பெராண்டோவிலும் எழுவாய் இல்லாத அத்தகைய வாக்கியத்தில் ‘குளிர்ந்த’ என்னும் பெயரடையான ‘மல்வர்மா’ வராது, ‘மல்வர்மெ’தான் வரும். நம் ‘ஆக’ செய்யும் வேலையை அந்த ‘எ’ செய்கிறது. ‘எ’ ஈறு இல்லாமலே வினையடையாக வரும் சொற்களான இயல் வினையடைகள் பற்றி ஏற்கெனவே முடிவாகிவிட்டது. அதை மீண்டும் கிளற வேண்டாம்.

அடுத்து, ‘வெனின்ட்டெ’ போன்ற வடிவங்களுக்கு ‘வினையடைப் பங்கேற்புச் சொல்’ என்ற பரிந்துரை. இதை நான் வன்மையாக மறுக்கிறேன். வெனின்ட்டெ, வெனன்ட்டெ, வெனொன்ட்டெ: வந்து, வந்துகொண்டே, வரவிருக்கும் நிலையில். இவை வினையெச்சம் அல்லாமல் வேறென்ன? நன்னூல் வினையெச்ச வாய்பாடுகள் பன்னிரண்டையும் காலத்தால் பிரிக்கிறது. செய்து முதலிய ஐந்தும் இறந்தகாலம், செய நிகழ்காலம், எஞ்சிய ஆறும் எதிர்காலம். முக்காலப் பாகுபாடு நம்மிடம் ஆயத்தமாகவே இருக்கிறது. அதோடு, ‘செய்து’ வாய்பாடு தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்பதும் நன்னூல் விதி. எஸ்பெராண்டோவிலும் இதே கட்டுப்பாடு உண்டு. ‘ஏற்காடு வந்து காப்பி குடித்தோம்’ என்பதில் ‘வெனின்ட்டெ’ பொருந்தும். ‘பஸ் ஏற்காடு வந்ததும் நாங்கள் இறங்கினோம்’ என்பதில் பொருந்தாது. வந்தது பஸ், இறங்கியது நாங்கள். அங்கே ‘எப்போது’ என்னும் பொருளுள்ள ‘கியாம்’ போட்டுத் தனி வாக்கியமாக எழுத வேண்டும். வினையெச்சம் என்று பெயரிட்டால் இந்த விதியைப் பாதிக்கு மேல் சொல்லாமலே விளக்கிவிடலாம்.

இனி, உண்மையிலேயே சொல் வேண்டிய இடம். இட வினையடையோடு ‘ன்’ சேர்ந்தால் அது போகும் திசையைக் காட்டும். ‘ஹெய்மெ’ வீட்டில், ‘ஹெய்மென்’ வீடு நோக்கி. இதுவரை சிக்கலில்லை. ‘சுப்ரெ’ (மேலே), ‘சுப்ரென்’ (மேல் நோக்கி) இரண்டில்தான் தமிழ் மாணவர் தடுமாறுகிறார். ‘பஸ் மேலே நிற்கிறது’, ‘பஸ் மேலே போகிறது’ என்று இரண்டுக்கும் ஒரே ‘மேலே’யைத்தான் நாம் சொல்கிறோம். அடிவாரத்தில் புறப்பட்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறும் பஸ்ஸுக்குச் ‘சுப்ரென்’ வேண்டும். அங்கே ‘சுப்ரெ’ என்று எழுதினால், ஏற்கெனவே மலைமேல் இருக்கும் பஸ் அங்கேயே ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருளாகிவிடும். (மேலே, கீழே, வெளியே என நம் சொற்களும் ஏகாரத்தில் முடிவது ‘எ’ ஈற்றை நினைவில் வைக்க உதவும். ஆனால் அதைக் கையேட்டில் விதியாக எழுதக் கூடாது.)

‘சுப்ரென்’ வகைக்கு வந்த ‘செயப்படுபொருள் வினையடை’ என்ற பரிந்துரை, ‘ன்’ இரண்டாம் வேற்றுமை உருபாகவும் வருவதை வைத்துப் பிறந்தது. உருபு அதுதான், ஆனால் இங்கே செயப்படுபொருள் எதுவும் இல்லையே! ‘திசை வினையடை’ என்றால் வடக்கே, தெற்கே என்பவைதான் முதலில் மனத்தில் தோன்றும். ‘சேரிட வினையடை’ அழகான சொல், ஆனால் ‘சுப்ரென்’ போய்ச் சேர்ந்ததைச் சொல்வதில்லை. பாதி வளைவில் பஸ் பழுதாகி நின்றாலும் அது சுப்ரென் போன பஸ்தான்.

ஆகவே ‘செல்திசை வினையடை’ என்பதை முன்வைக்கிறேன். அதற்கு இணையாகச் ‘சுப்ரெ’, ‘ஹெய்மெ’ வகை ‘இருப்பிட வினையடை’ ஆகட்டும். ‘எங்கே இருக்கிறது?’ என்று கேட்டால் இருப்பிட வினையடையும் ‘எங்கே போகிறது?’ என்று கேட்டால் செல்திசை வினையடையும் விடையாக வருவதால், அக்கேள்விகளுக்குரிய ‘கிஎ’ (எங்கே), ‘கிஎன்’ (எங்கு நோக்கி) என்ற வினாச்சொற்களையும் இதே தலைப்பில் சேர்த்துவிடலாம். மறுப்புள்ளவர்கள் மாற்றுச் சொல்லோடு, அது பொருந்தும் ஒரு வாக்கியத்தையும் சேர்த்து எழுதுங்கள்.