மடல் இழை: ‘ஆன்ட்டிக் ஃபயர்ஆர்ம்’ தமிழில் என்ன?

குடந்தையிலிருந்து:
அன்பர்களே, அவசரம். அமெரிக்காவில் பழைய துப்பாக்கிகளை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு அனுப்பும் விதிகளை அங்குள்ள தமிழர்களுக்காக மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். சாதாரணத் துப்பாக்கியை வெளிமாநிலத்தவருக்கு விற்றால், அவர் மாநிலத்தில் உரிமம் பெற்ற வியாபாரி வழியாகத்தான் அனுப்ப வேண்டும். ‘ஆன்ட்டிக்’ என்றால் கூட்டாட்சிச் சட்டத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. முழு விதியும் இந்த ஒரு சொல்லில் தொங்குகிறது. ‘பழந்துப்பாக்கி’ என்று போட்டேன். “செகண்ட் ஹேண்டா அக்கா?” என்கிறாள் தங்கை.

திருவையாற்றிலிருந்து:
‘தொல்’ இருக்க ‘பழ’ எதற்கம்மா? தொல் + துப்பாக்கி = தொஃறுப்பாக்கி. பல் + துளி பஃறுளி ஆனதைப் போல. ஆய்தம் வாயில் நுழையாதவர்கள் தொற்றுப்பாக்கி எனலாம். நம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் நூறாண்டுக்குக் குறையாத பொருள்களைத்தான் பேசுகிறது. எல்லாம் பொருந்துகிறது.

மன்னார்குடியிலிருந்து:
ஐயா, தொற்றுப்பாக்கியைப் பார்த்தால் சுகாதாரத் துறைதான் ஓடி வரும். துப்பாக்கியே துருக்கியிலிருந்து வந்த சொல். அதற்கு ஆய்தக் கிரீடமா? ஈழத்தில் ‘சுடுகலன்’ புழங்குகிறது. ‘தொல்சுடுகலன்’ என்போம், புணர்ச்சித் தொல்லையும் இல்லை.

திருவையாற்றிலிருந்து:
சொல் + சுவை சொற்சுவை ஆகும்போது அது தொற்சுடுகலன் அல்லவா?

மன்னார்குடியிலிருந்து:
தொல்காப்பியத்தைத் தொற்காப்பியம் என்கிறோமா ஐயா?

தஞ்சையிலிருந்து:
துப்பாக்கி துருக்கியா? வள்ளுவரே பன்னிரண்டாம் குறளில் ‘துப்பாக்கி’ என்கிறாரே! துப்பு என்றால் வலிமை. வலிமையை ஆக்குவது துப்பாக்கி. ரகுநாத நாயக்கர் காலத்து ராஜகோபால பீரங்கி எங்கள் கீழவாசலில் கிடக்கிறது. அத்தனை பெரிய இரும்பை அடித்துச் செய்தவர்களுக்குச் சொல்லை மட்டும் கடன் வாங்க வேண்டிய தேவை என்ன?

மன்னார்குடியிலிருந்து:
அந்தக் குறள் மழையைப் பற்றியது தோழர். உண்பவர்க்கு உணவை ஆக்கி, தானும் உணவாவது மழை. டெல்டாக்காரருக்கு இதை விளக்க வேண்டியிருக்கிறதே! அப்புறம், ‘பீரங்கி’யே ஐரோப்பியரைக் குறித்த ‘ஃபிரங்கி’யிலிருந்து வந்தது என்பார்கள். அதையும் வள்ளுவரிடம் தேடாதீர்கள்.

நாகையிலிருந்து:
வழக்கறிஞன் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். முதலில் வரையறையைப் பாருங்கள். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 1898இலோ அதற்கு முன்போ செய்தது ஆன்ட்டிக். சரி. ஆனால் அதன் நகல் போன மாதம் செய்ததாக இருந்தாலும், ரிம்ஃபயர், சென்டர்ஃபயர் என்ற இன்றைய வகைத் தோட்டாக்களுக்காக அமைக்கப்படாதது என்றால் அதுவும் ஆன்ட்டிக்தான். ஆக, பழையதாக இல்லாத ஆன்ட்டிக்கும் உண்டு. ‘பழ’வும் ‘தொல்’லும் இரண்டுமே பொய் சொல்கின்றன.

நம் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45(சி) பிரிவு வேறு மாதிரி. வழக்கொழிந்த வகை, தொன்மை மதிப்புள்ளது, பழுதானது என்று சொல்லி, செப்பனிட்டாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும் என்கிறது. அங்கே வருஷக் கணக்கு, இங்கே சுடுமா சுடாதா என்ற கணக்கு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் இங்கே ஒருவர் தாத்தாவின் துப்பாக்கியைப் பார்சல் கட்டிவிடுவார். நான் சொல்வது ‘விலக்குத் துப்பாக்கி’.

குடந்தையிலிருந்து:
அண்ணா, விலக்கு கூட்டாட்சிச் சட்டத்தில் மட்டும்தான். சில மாநிலங்கள் இதையும் சாதாரணத் துப்பாக்கியாகவே நடத்துகின்றன. கூரியர் நிறுவனங்களின் விதி தனி. ‘விலக்கு’ என்று படித்தவர் அதையெல்லாம் பார்க்காமலே அனுப்பிவிடுவார்.

மயிலாடுதுறையிலிருந்து:
தரங்கம்பாடிக் கோட்டைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனால் ‘பழங்காலத்துப் பீரங்கி’ என்றுதான் காட்டுகிறோம். எந்தப் பிள்ளையும் அதைச் செகண்ட் ஹேண்ட் என்று நினைப்பதில்லை. ‘பழங்கால வகைத் துப்பாக்கி’ என்று வையுங்களேன். ‘வகை’ என்றதும் புது நகலும் உள்ளே வந்துவிடும்.

மன்னார்குடியிலிருந்து:
நீளம்தான். ஆனாலும் புரிகிறது. கைதூக்குகிறேன்.

தஞ்சையிலிருந்து:
நானும். துப்பாக்கி தமிழ்ச்சொல் என்ற கருத்தில் மாற்றமில்லை.

நாகையிலிருந்து:
நான் தூக்கவில்லை. 1896இல் செய்த ‘வின்செஸ்டர் மாடல் 1894’ ரைஃபிளை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குரிய தோட்டா இன்றும் கடையில் கிடைக்கிறது, போட்டால் சுடும். ஆண்டுக் கணக்கில் அது ஆன்ட்டிக். ‘பழங்கால வகை’யா? அதே வகையை அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் செய்து விற்றார்களே! நகலை உள்ளே விடப்போய் அசலை வெளியே தள்ளுகிறீர்கள்.

குடந்தையிலிருந்து:
இதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணா. ‘பழங்கால வகைத் துப்பாக்கி’ என்று போட்டு, வரையறையை முதல் பக்கத்தில் கட்டம் கட்டி, 1898ஐத் தடித்த எழுத்தில் வைத்து அனுப்பிவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

திருவையாற்றிலிருந்து:
தொல்காப்பியத்தில் வருவது ககரம். தொஃறுப்பாக்கியில் வரும் தகரத்துக்கு விதி வேறு. அது இருக்கட்டும். கட்டத்துக்குள் ‘நகல்’ என்றா எழுதினீர்கள் அம்மா? அது அரபு. ‘படி’ என்றால் என்ன குறை?